இடது சீட்டு டிரைவர்

என் அக்கா புருஷன் செங்கல்வராயனுக்குத் திருப்பதிக் கடைத்தெரு வைத்த பெயர் ‘இடது சீட்டு டிரைவர்’. கார் ஓட்டுகிறவன் வலது பக்கம் உட்காருவான் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இவர் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு டிரைவர் சம்பளம் வாங்கினார். அது எப்படி என்று கேட்டுச் சிரிக்கிறவன் என் சைக்கிள் கடைக்குக் காற்றடிக்க வந்தவனாக இருந்தால், பம்பு ரிப்பேர், போ என்று அனுப்பிவிடுவேன். சிரிக்கிற விஷயமா அது?

மாமா நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் அந்த மலைச் சாமியின் பெயர். இருந்த கொல்லையில் அண்ணன் தம்பி அத்தனை பேருக்கும் வேலை இல்லை என்று, மீசை முளைக்கும் வயதில் திருப்பதிக்கு வந்து மாந்தோப்புக்காரர் ஒருவர் வீட்டில் கார் கழுவச் சேர்ந்தார். அவர்களுக்குத் தோப்பு பங்காருபாளையத்தில், வீடு திருப்பதியில். கழுவிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டார். என் அக்கா தாட்சாயணி கழுத்தை நீட்டியது மாமாவுக்கு மட்டுமல்ல, அந்தக் காருக்கும் சேர்த்துத்தான் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வோம்.

அந்தக் காரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பாகக் கட்டைவண்டி உயரத்துக்கு நிற்கும். மேலே மடக்குகிற கித்தான் கூரை. பக்கவாட்டில் கால் வைத்து ஏற ஒரு பலகை. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால்தான் அதற்கு உயிர் வரும். சில சமயம் சுழற்றுகிற கையையே திருப்பி அடிக்கும். மாமாவின் வலது மணிக்கட்டு எப்போதும் ஒரு பக்கமாக வீங்கியிருந்ததற்கு அதுதான் காரணம். மேடு ஏறினால் கொதிக்கும். பிரேக்கை முதல் தரம் மிதித்தால் கால் சும்மா உள்ளே போகும், இரண்டாம் தரம் மிதித்தால்தான் பிடிக்கும். ஆனால் ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். பலகையில் இரண்டு பேர் தொற்றிக்கொள்ளலாம். பின்னால் மாங்காய்க் கூடையும் கட்டலாம். ஆற்று மணலானாலும் உழுத கொல்லையானாலும் முனகிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடும்.

ஆந்திர ராஜ்யம் பிறந்த மறு வருஷம், மாமா அந்தத் தோப்பு முதலாளியைத் திருமலைக்கு அழைத்துப் போனார். பெரியவர் என்றுதான் அவரை எல்லோரும் சொல்வோம். மலைப்பாதையில் ஒரு வளைவில் வண்டி வழக்கம்போலக் கொதித்து நின்றது. அது ஆறுகிறவரை இரண்டு பேரும் ஓரத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவருக்கு அப்போதே மூச்சிரைப்பு. திடீரென்று சொன்னாராம்: “செங்கல்வராயா, எனக்கப்புறம் இந்த வண்டி உனக்குத்தான். வாடகைக்கு ஓட்டிப் பொழைச்சுக்கோ.” பக்கத்தில் குரங்குகளைத் தவிர வேறு யாரும் இல்லை.

அன்றிலிருந்து மாமாவுக்கு அதே நினைப்பு. ஸ்டேஷனில் வந்து இறங்குகிற யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு திருச்சானூர், சந்திரகிரிக் கோட்டை, காளஹஸ்தி, திருத்தணி என்று போய்வர வேண்டும். யார் கூப்பிட்ட குரலுக்கும் ஓட வேண்டாம். பசித்தால் நிறுத்திச் சாப்பிடலாம், தூக்கம் வந்தால் புளியமரத்தடியில் படுக்கலாம். ஊரில் எத்தனையோ பேர் எது எதற்கோ ஆசைப்படுகிறார்கள். இந்த மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை இது ஒன்றுதான்.

பெரியவர் காலமானார். மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்த மகன் சம்பத் வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டான். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியம், நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன். வேலைக்காரர்களின் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். பண்டிகைக்கு மாமாவுக்குத் தன் கையால் வேட்டி கொடுப்பான். வண்டியைப் பற்றி அப்பா சொன்ன வார்த்தை மட்டும் அவன் காதுக்குப் போகவில்லை. போட வேண்டியவர் மாமா, அவர் போடவில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், மாமரம் பூத்த சமயத்தில், சம்பத் ஒரு புது வண்டியோடு வந்து இறங்கினான். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரியிடம் வாங்கியதாம். நல்ல குங்குமச் சிவப்பு. இரண்டே சீட்டு. உயரம் இடுப்புக்குக் கீழே. அந்த வண்டியில் யாரும் ஏறுவதில்லை, உள்ளே இறங்கித்தான் உட்கார வேண்டும். பொத்தானைத் தொட்டால் உறுமும். திருப்பதியில் போட்ட வெற்றிலையின் சாறு தொண்டையில் இறங்குவதற்குள் சந்திரகிரி வந்துவிடும். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. நானும் கடையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் டீக்கடை முனியப்பன் மாமாவைப் பிடித்துக்கொண்டார். “செங்கல்வராயா, ரெண்டு வண்டியையும் தொட்டுப் பாத்தவன் நீ ஒருத்தன்தான். எது ஒசத்தி, சொல்லு.”

பழையதை விட்டுக்கொடுக்காமல் பேசுவார் என்று நான் நினைத்தேன். மாமா டீயை ஊதிக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “புச்சுதான் ஒசத்தி. அதுல இன்னா சந்தேகம்? மேட்டுல கொதிக்காது. ஒரே மிதி, நின்னுடுது. ஸ்டீரிங்க விரலால திருப்பலாம். கைப்புடி போட்டுச் சுத்தி கைய ஒடைச்சுக்க வேணாம்.”

“அப்போ பழசு ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு சொல்லு.”

“பழசுல எனக்கு ஒரு எடம் கீது முனியப்பா. புச்சுல இல்ல.”

கடையே சிரித்தது. அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பழைய வண்டி, முதலாளி பின்னால் சாய்ந்து உட்காருவதற்காகச் செய்தது. முன்னால் ஒருத்தன் ஓட்டியாக வேண்டும். சிவப்பு வண்டி முதலாளியே ஓட்டுவதற்காகச் செய்தது. டிரைவர் என்கிற ஒரு ஆளை அதைச் செய்தவன் நினைத்தே பார்க்கவில்லை. இரண்டு வண்டிக்கும் எத்தனையோ வித்தியாசம் சொன்னார்கள், வேகம், விலை, பெட்ரோல் என்று. எனக்குத் தெரிந்து வித்தியாசம் இது ஒன்றுதான்.

சம்பத்தின் அம்மா ரத்னம்மாவுக்கு அந்த வண்டியின் உறுமலைக் கேட்டாலே பயம். “செங்கல்வராயன் கூட இல்லாம இந்த வண்டி வாசப்படி தாண்டக் கூடாது” என்று உத்தரவு போட்டுவிட்டாள். மகனுக்கு அம்மா சொல் தட்டாத குணம். ஓட்டுவது அவன், காவல் மாமா. இப்படித்தான் என் மாமா இடது சீட்டில் போய் உட்கார்ந்தார். முன்னால் ஸ்டீரிங்கும் இல்லை, காலடியில் ஒன்றும் இல்லை. எதிரே மாட்டுவண்டி வந்தால் அவர் கால் தன்னால் தரைப் பலகையை மிதிக்கும், பழக்கத்தில் இரண்டு தரம். சம்பத் விழுந்து விழுந்து சிரிப்பான். “ஏமய்யா, பலகைய ஓட்டை போட்டுடுவ போலக் கீதே! இதுக்கு ஒரு மிதி சாலு, போதும்!”

ஒருநாள் சித்தூர் போய்விட்டு வந்தவர் நேரே என் கடைக்கு வந்து, டயர் குவியல் மேல் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“இன்னா மாமா?”

“ஒண்ணும் ஆவல. பாகாலா தாண்டி ஒரு திருப்பத்துல ஆட்டு மந்த. சம்பத் பாபு பிரேக்க அடிச்சாரு, நின்னுடுச்சு. ஆனா மச்சான், ஓட்றவனுக்கு பயமே இல்ல. பக்கத்துல சும்மா குந்தினு பாக்கறவனுக்குத்தான் எல்லா பயமும்.”

கறுப்பு வண்டி ஷெட்டில் சாக்கு மூடிக் கிடந்தது. ரத்னம்மாவின் கோழிகள் அதற்குள் குடும்பம் நடத்தின. அக்கா தினமும் பிடுங்கி எடுத்தாள். “சும்மாதானே கெடக்குது? பெரியவரு குடுத்த வாக்குன்னு வாயத் தொறந்து கேக்கறதுக்கு இன்னாய்யா உனக்கு?”

“செத்துப் போனவரு வாயில நானா வார்த்தைய போடறேன்னு நெனைச்சுட்டா?”

“நெனைச்சா நெனைக்கட்டும்! கோழி துன்னுட்டுப் போறதுக்கா உட்டுட்டுப் போனாரு?”

அவர் போகாமல் இல்லை. காலையில் குளித்து, நெற்றியில் திருநீறு வைத்து, என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போவார். சம்பத் வெளியே வந்து, “செப்பு செங்கல்வராயா, என்ன சமாசாரம்?” என்று கேட்பான். மாமா வாயிலிருந்து, “வண்டிய தொடைக்கட்டுங்களா பாபு?” என்றுதான் வரும். இதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை வருஷம் உழைத்த மனிதன் தனக்கென்று சொன்ன பொருளைக் கேட்க நாக்கு எழவில்லையே என்று இருந்தது. எழாதது நாக்கின் குற்றமும் இல்லை. இத்தனை காலமும் அந்த வாசலில் அது பழகியிருந்த வார்த்தை அது ஒன்றுதான்.

அப்போதுதான் கங்கம்மா ஜாத்திரை வந்தது. திருப்பதிக்காரனுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் ஊர் முழுக்க வேஷம் கட்டும். ஆம்பிளைகள் புடவை கட்டிக்கொண்டு பூ வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு வேஷம். அதில் ஒருநாள் உடம்பெல்லாம் கரி பூசி, வேப்பிலையை மாலையாகப் போட்டுக்கொண்டு வருகிற நாள். வேஷக்காரன் அன்றைக்கு யாரை வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி திட்டலாம். தாசில்தாராக இருந்தாலும் சரி, மாமியாராக இருந்தாலும் சரி, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு கேட்க வேண்டும். கோபித்துக்கொண்டால் அம்மனுக்கு ஆகாது.

“அன்னிக்குக் கேட்டுர்றேன் மச்சான்” என்றார் மாமா. அவர் கண்ணில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை. “வேஷம் கட்டினா கூச்சம் போயிடும். அவரும் கோச்சுக்க முடியாது. நின்னு கேட்டுத்தான் ஆவணும்.” எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அக்காவே அடுப்புக்கரியை இடித்து எண்ணெயில் குழைத்துக் கொடுத்தாள்.

சம்பத் அன்றைக்குச் சிவப்பு வண்டிக்கு மாலை போட்டு, சிநேகிதர்களோடு கங்கம்மா கோயில் தெருவில் நிறுத்தியிருந்தான். மாமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். பின்னாலேயே நான். கரி பூசிய முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தது. வேப்பங்கொத்தை ஓங்கி வண்டியின் மூக்கில் ஓர் அடி அடித்துவிட்டு ஆரம்பித்தார். அந்த மனிதருக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“அடேய் வாக்குக் கெட்டவனே! உங்க நைனா மலை மேல எனக்கு வாக்கு குடுத்தாருடா! கறுப்பு வண்டி உனக்குத்தான்டா செங்கல்வராயான்னு சொன்னாருடா! செத்தவரு சொல்ல சாக்குப் போட்டு மூடிக்கினு, கோழிக்குக் குடுத்துக்கினு, சேப்பு வண்டில சுத்திக்கினு கீறியா? என் வண்டியக் குடுடா!”

நடுநடுவே அவர் சேர்த்த வசவுகளை நான் எழுதப்போவதில்லை. கூட்டம் கைதட்டிக் கூவியது. சம்பத் முகம் மலர்ந்துவிட்டது. “அரே, நம்ம செங்கல்வராயன்! பலே! இங்கா திட்டு, இன்னும் திட்டு! புது வண்டிக்குப் பட்ட கண்ணெல்லாம் கழியட்டும்!” என்று கைகூப்பித் தலை குனிந்து நின்றான். சிநேகிதர்களையும் இழுத்து வரிசையில் நிறுத்தினான்.

மாமா நிறுத்தினார். கையிலிருந்த வேப்பங்கொத்தைக் கீழே போட்டார். பிறகு, தினமும் வாசலில் பேசுகிற அதே தணிந்த குரலில், “பாபு, வெளையாட்டு இல்ல. நெஜமாத்தான் சொல்றேன். பெரியவரு சொன்னாரு பாபு” என்றார்.

அவர் கண்ணில் தண்ணீர் வந்து, கரியில் இரண்டு கோடு விழுந்தது. நான் பார்த்தேன். சம்பத்தும் பார்த்தான். சிநேகிதன் தோளைப் பிடித்துக்கொண்டு அவன் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. “சூடுரா, பாருடா, எப்படி அழறான்! இவன நாடகத்துல சேக்கணும்ரா!” ஒரு வாழைப்பழத்தை மாமா கையில் வைத்து, அவர் கால் கரியைத் தொட்டுப் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதற்கு மேல் யார் என்ன செய்ய முடியும்? அன்றைக்கு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்ன எதையும் யாரும் காதில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். எங்களுக்கு முதல் பாதிதான் உறைத்திருந்தது.

மறுநாள் காலை கரியெல்லாம் தேய்த்துக் குளித்துவிட்டு மாமா வேலைக்குப் போனார். சம்பத் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். “நேத்து என்னமா திட்டுன! அம்மாகிட்டச் சொன்னேன், அவங்களும் ஒரே சிரிப்பு.” மாமா வாயைத் திறந்தாராம். இப்போது சொன்னால் நேற்றைய வேடிக்கையை இன்றும் இழுக்கிறான் என்று ஆகும். சொல்ல வேண்டிய அத்தனையையும் சொல்லியாகிவிட்டது, ஒன்றும் பாக்கியில்லை. வாயை மூடிக்கொண்டு துடைக்கிற துணியை எடுத்தார்.

கொஞ்ச நாளில் மெட்ராஸிலிருந்து சினிமாக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பழைய கார் ஒன்று படத்துக்கு வேண்டுமாம், விலைக்கே எடுத்துக்கொள்வார்களாம். சம்பத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “நம்ம வண்டி சினிமாவுல வரப்போகுது செங்கல்வராயா! நீயே ஓட்டிட்டுப் போய்க் குடு, உனக்குத்தான் அந்தப் பெருமை” என்றான். மனசாரச் சொன்னான். அதுதான் கொடுமை.

மாமா கோழிகளை விரட்டி, கழுவித் துடைத்து, மெட்ராஸ் வரை தனியாக ஓட்டிக்கொண்டு போனார். அவருடைய வண்டி என்று அவர் நினைத்த வண்டியில், முதலாளி இல்லாமல், நினைத்த இடத்தில் நிறுத்திச் சாப்பிட்டு, புளியமரத்தடியில் படுத்து எழுந்து போனது அந்த ஒரு தரம்தான். கம்பெனி மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாராம். காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், கைப்பிடி சுழற்றும்போது கட்டைவிரலை மடக்கக் கூடாது, பிரேக்கை இரண்டு தரம் மிதிக்க வேண்டும். “ஆகட்டும், ஆகட்டும்னு பொறுமையா கேட்டுக்கினாரு மச்சான். நல்ல மனுஷன். நல்லா வெச்சுக்குவாங்க” என்றார் திரும்பி வந்து. மறுநாளிலிருந்து இடது சீட்டு.

அடுத்த ஏப்ரலில் எல்லைத் தகராறு முடிந்து, திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. முனியப்பன் கடையில் நாள் முழுக்க அதே பேச்சு. அந்தப் பக்கம் போனது நல்லது என்று ஒரு கட்சி, இந்தப் பக்கம் இருந்ததே நல்லது என்று ஒரு கட்சி. மாமா மட்டும், “எம் பேரு சாமி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கோடு போட்டவன் எங்க ரெண்டு பேர்ல யாரக் கேட்டான்?” என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நானும் அவரும் ரயிலேறித் திருத்தணி போனோம். மலையேறிச் சாமி பார்த்துவிட்டு இறங்கினால், திரும்பும் ரயிலில் கால் வைக்க இடமில்லை. அடுத்த ரயில் வரும்வரை பொழுது போக வேண்டுமே என்று டூரிங் கொட்டகையில் முதல் ஆட்டத்துக்குப் போய், தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்தோம். என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை.

பாதிப் படத்தில், கல்யாணம் வேண்டாம் என்று ஒரு குண்டு மாப்பிள்ளை பந்தலை விட்டு ஓடி ஒரு காரில் ஏறினான். மாமா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“மச்சான், நம்ம வண்டி!”

எழுந்தே நின்றுவிட்டார். பின்னாலிருந்து, “குந்துய்யா, மறைக்குது!” என்று சத்தம் போட்டார்கள். உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “கித்தான புச்சா போட்டுகீறானுங்க பாரு. விளக்கெல்லாம் தொடைச்சு வெச்சுகீறானுங்க. நான் சொன்னேன் இல்ல, நல்லா வெச்சுக்குவாங்கன்னு?” ஜாத்திரைக்கு அப்புறம் அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

கார் ஒரு குன்றின் மேல் ஏறியது. கொதித்து நின்றது. கொட்டகை சிரித்தது. மாமாவும் சிரித்தார். குண்டு மாப்பிள்ளை இறங்கி மூடியைத் திறக்கப் போனான். அவன் முதுகுக்குப் பின்னால் கார் மெதுவாக நகர ஆரம்பித்தது. உள்ளே யாரும் இல்லை. சரிவில் வேகம் எடுத்தது. மாப்பிள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு துரத்தினான், விழுந்தான், எழுந்தான். கொட்டகை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சரிவின் முடிவில் பள்ளம் தெரிந்தது.

நான் திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவர் வலது காலை நீட்டி மணலை மிதித்தார். மறுபடி மிதித்தார். குதிகால் மணலுக்குள் புதைந்துவிட்டது.

கார் விளிம்பைத் தாண்டிப் போய், உருண்டு, கதவு ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு, கீழே நொறுங்கியது. ஒரு சக்கரம் மட்டும் கழன்று தனியாக ஓடிச் சுற்றி விழுந்தது. அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு. விசில் அடித்தார்கள். பக்கத்தில் ஒருவன் சிரித்துச் சிரித்து என் தொடையில் தட்டினான். அவனை அறைந்திருப்பேன். அவன் என்ன செய்வான், பாவம்.

படம் முடிகிறவரை மாமா அப்படியே உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனுக்கு நடந்தோம். ரயில் வந்து, ஏறி, நகர்ந்த பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ரெண்டு தரம் மிதிக்கணும்னு அவங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன், மச்சான்.”

“நீ சொன்னே மாமா” என்றேன்.